காசுக்கு விளையாடிய அத்தான்

கனடாவில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்த முதல் நாளே அத்தானைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் என் அக்காவின் கணவர். திருகோணமலையில் கலியாணத்தின்போது நான் கண்ட மனிதர் உயரமும் அகலமுமாக, கோட்டுப் போட்டு, அந்தக் காலத்து நாகரிகப்படி காதை மூடி முடி வளர்த்திருந்தார். இங்கிலாந்தில் நெசவாலையில் என்ஜினியர் என்று சொல்லித்தான் அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்தபோது தலையை ஒட்ட வெட்டியிருந்தார். இடது காது இருந்த இடத்தில் ஒரு கட்டி இருந்தது. பிசைந்த மாவை யாரோ தலையோரத்தில் அப்பிவிட்டுக் காயவிட்டதுபோல, மடிப்பும் இல்லாமல் ஓட்டையும் தெரியாமல் கிடந்தது. அவர் சிரித்து வரவேற்றார். நான் அந்தக் காதைப் பார்க்காமல் இருக்க அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் அவர்களுடைய வீடு இரண்டு அறை. நான் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை அவர்களோடு தங்கினேன். காலையில் எழுந்து குசினிக்குப் போனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிளாசுக்குள் அத்தானின் முன்பற்கள் நான்கும் கிடக்கும். பின்னேரம் வேலையால் வந்ததும் பல்கனியில் குவிந்திருக்கும் பனியை வாளியில் அள்ளிக் குளியல் தொட்டிக்குள் கொட்டி, வலது முழங்காலை அதற்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு ஏதோ ஒரு தைலத்தைப் பூசுவார். அதன் நெடி சோற்றிலும் தலையணையிலும் ஏறும். அவர் எழுந்த பிறகு தொட்டியைச் சுற்றி மண்ணிறமாக ஒரு எண்ணெய் வளையம் படிந்திருக்கும். அதைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் நான் குளிப்பேன்.

ஒருநாள் தாங்காமல் அக்காவிடம் கேட்டேன். "அத்தானுக்கு உடம்பிலை என்ன வருத்தம்?"

"வருத்தம் ஒண்டுமில்லை. விளையாடினவர்."

"என்ன விளையாட்டு?"

"றக்பி. காசுக்கு விளையாடினவர்." கணவன் முன்பு குடித்துக்கொண்டு திரிந்தவன் என்று ஒரு பெண் சொல்வாளே, அந்தக் குரலில் அக்கா அதைச் சொன்னாள்.

அத்தான் வளர்ந்தது கண்டியில். அவருடைய அப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் வேலை. கண்டிப் பள்ளிக்கூடங்களில் கிரிக்கெட்டைப்போல றக்பியும் பெரிய விஷயம். பிறகு இயந்திரங்களைப் பற்றிப் படிக்க இங்கிலாந்தின் வடக்கே ஒரு நெசவாலை நகரத்துக்குப் போனார். படிப்பு பாதியில் நின்று, ஆலையிலேயே மெக்கானிக்காகச் சேர்ந்தார். அந்த ஊரிலும் றக்பிதான், ஆனால் வேறு றக்பி. கண்டியில் அவர் ஆடியது பதினைந்து பேர் ஆட்டம். கனவான்களுடையது, காசு வாங்கக் கூடாது. அங்கே ஆடியது பதின்மூன்று பேர் ஆட்டம். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவர்களுடையது, காசு வாங்கலாம். ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்ததாம். வேலையை விட்டுவிட்டு விளையாட வருகிற தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்கலாமா என்ற சண்டையில்தான் பிரிந்ததாம். பிரிந்த பிறகு இந்தப் பக்கம் காசு வாங்கியவனை அந்தப் பக்கம் சாகும்வரை சேர்த்துக்கொள்வதில்லை.

இதையெல்லாம் அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையிலிருந்து கொண்டுவந்த வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் உரித்துக்கொண்டே சொல்வார். சந்தையில் ஒரு மரக்கறிக் கடைக்காரருக்கு மூட்டை இறக்குவதுதான் அவருக்கு வேலை. அவருடைய ஆங்கிலம் அந்த ஆலை நகரத்து ஆங்கிலம். மொன்றியலில் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே அது பாதி விளங்காது. பிரெஞ்சு பேசுகிறவர்களிடம் பொன்ஜூர், மெர்சி என்ற இரண்டு சொல்லோடு சமாளிப்பார்.

"முதல் ரெண்டு மூண்டு மட்ச் பேரில்லாமல்தான் விட்டவங்கள்" என்றார். "பேப்பரிலை என்ரை பேர் வராது. 'வேறொருவர்' எண்டு போடுவாங்கள். ஆள் சரிவருமோ எண்டு பாத்துப்போட்டுத்தான் கையெழுத்து வாங்குவாங்கள்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிறவர்களின் ஞாபகம்தான் வந்தது.

அவர் முன்வரிசை ஆட்டக்காரர். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரே வரிசையாக நிற்கிற ஆட்களுக்குள் நேராக ஓடி மோதவேண்டும். அவர்கள் விழுத்துவார்கள். எழும்பிப் போய் மறுபடியும் மோதவேண்டும். தலையை மற்றவர்களின் தலைகளோடு நெரித்துத் தள்ளித் தள்ளித்தான் முன்வரிசைக்காரர்களின் காது அப்படிக் கட்டியாகிவிடுமாம்.

"இதிலை என்ன விளையாட்டு இருக்கு அத்தான்?"

"விளையாட்டுப் பின்னாலை நிக்கிறவங்களுக்கு, பிள்ளை. எனக்கு அது வேலை."

வென்றால் ஒரு சம்பளம், தோற்றால் அதில் பாதிகூட இல்லை. அதனால் அடிபட்டவன் வெளியே வர மாட்டான். கூட விளையாடுகிறவர்களும் வரவிட மாட்டார்கள். அத்தானின் முழங்காலில் முதல் முறை ஏதோ அறுந்தபோது கிளப்பின் டொக்டர் உடைமாற்றும் அறையில் ஊசி போட்டார். வலி மரத்துப்போனது, அவர் ஆடினார். அடுத்த வாரமும் ஊசி. பிறகு அது சப்பாத்துப் போடுவதுபோல ஒரு வழக்கமாகிவிட்டது. ஒருதரம் முழங்காலில் பட்ட காயத்துக்குள் மைதானத்துச் சேறு போய்ச் சீழ் கட்டியிருந்தது. பெரிய போட்டி ஒன்று இருந்ததால் டொக்டர் சீழைப் பிதுக்கி எடுத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே ஊசியைக் குத்திக் கட்டுப்போட்டு அனுப்பினார். வெங்காயம் உரித்தபடி அத்தான் அந்த மணத்தை விவரித்தபோது நான் எழுந்து பல்கனிக்குப் போய்விட்டேன்.

அக்காவிடம் வேறு கதை இருந்தது. கலியாணம் முடித்துப் போன புதிதில் அவளும் மைதானத்துக்குப் போவாளாம். அத்தான் பந்தை எடுக்கும்போதெல்லாம் சுற்றி நின்றவர்கள் ஒரு சொல்லால் அவரைக் கூப்பிடுவார்கள். எதிர் ஊர்க்காரர்கள் மட்டுமில்லை, அந்த ஊர்க்காரர்களும்தான். தோலின் நிறத்தை வைத்துச் சொல்கிற சொல். அக்காவுக்கு அது அவருடைய செல்லப்பெயர் என்றுதான் முதலில் யாரோ விளங்கப்படுத்தியிருந்தார்கள். "அப்பிடிக் கத்தினவங்கள்தான் அவர் கோட்டுக்கு அங்காலை பந்தை வைச்ச உடனை என்ரை தோளிலை தட்டி இனிப்புத் தந்தவங்கள்" என்றாள் அக்கா. "நானும் அதை வாங்கித் திண்டனான். எனக்கு அப்ப விளங்கேல்லை." அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்த பிறகு அவள் மைதானத்துக்குப் போகவில்லை.

கிளப் அவரை நிறுத்தியதும் ஒரு நாகரிகமும் இல்லாமல்தான். வழக்கம்போலப் பயிற்சிக்குப் போனார். அவர் உடுப்பு மாட்டுகிற ஆணிக்குக் கீழே வேறொருவன் உட்கார்ந்திருந்தான். பயிற்சியாளர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "ஆபீசுக்குப் போ, அங்கே சொல்லுவார்கள்" என்றாராம். கொஞ்சக் காலத்தில் நெசவாலையும் மூடப்பட்டது. இலங்கையில் கலவரம் நடந்த பிறகு கனடா எங்கள் ஆட்களுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தது. அந்த வழியால் அவர்கள் மொன்றியலுக்கு வந்தார்கள்.

எனக்கு வீட்டுக்குக் கிட்ட ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை கிடைத்தது. ஒரு மாரிகாலத்துப் பின்னேரம், பனி கொட்டுகிறது என்று அத்தான் என்னைக் கூட்டிப்போக வந்து நடைபாதையில் நின்றார். அந்த வழியால் போன ஒரு டொக்டர் நின்று அவருடைய காதைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், ஆங்கிலம் பேசுகிறவர், மேல்மாடியில் எல்லாரும் பயந்து வணக்கம் சொல்கிற ஆள். என்னை ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

"முன்வரிசையா?" என்று கேட்டார் அத்தானிடம்.

அத்தானின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை கண்டதில்லை. "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். பிறகு இருவரும் அந்த இடத்திலேயே அரைமணித்தியாலம் நின்று கதைத்தார்கள். அந்த டொக்டர் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு றக்பி கிளப்பின் தலைவர். பதினைந்து பேர் ஆட்டம். பனி கரைந்ததும் வந்து தங்கள் ஆட்களைப் பழக்கித்தர முடியுமா என்று கேட்டார். அவருடைய நண்பர் ஒருவர் முழங்கால் சத்திரசிகிச்சையில் பெயர்போனவர், அத்தானின் காலைக் காட்டலாம் என்றும் சொன்னார்.

வசந்தம் வந்ததும் அத்தான் போகத் தொடங்கினார். சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு, மெட்ரோவிலும் பஸ்ஸிலும் ஏறி, நொண்டி நொண்டிப் போவார். ஒரு சதம் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் அக்காவும் நானும்கூடப் போனோம். வக்கீல்களும் ஆசிரியர்களும் வங்கிக்காரர்களுமாக வளர்ந்த ஆண்கள் அத்தானைச் சுற்றிக் குந்தியிருந்து, எப்படி விழுவது, விழுந்த பிறகு எப்படிப் பந்தைப் பின்னால் தள்ளுவது என்று படித்தார்கள். அவர் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. வீட்டில் அவர் அப்படிக் கதைப்பதில்லை. அவர்கள் வெல்லத் தொடங்கினார்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு நடப்பதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கிளப் கட்டடத்துக்குள் சேற்றோடு வந்து உட்கார்ந்து பியர் குடிப்பார்கள். பெண்களைப் பற்றி ஊத்தைப் பாட்டுகள் பாடுவார்கள். ஒருவன் தன் சப்பாத்தைக் கழற்றி அதற்குள் பியரை ஊற்றிக் குடித்தான். மற்றவர்கள் கைதட்டினார்கள். அத்தான் ஒரு ஓரத்தில் சோடாவோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா ஒருமுறை விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்து ஒரு பெரிய தட்டு நிறையக் கொண்டுபோனாள். எல்லாவற்றையும் தின்று முடித்துவிட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். தட்டில் சிகரெட் கட்டைகளை நசுக்கி அணைத்திருந்தார்கள். அக்கா அதைப் பையில் வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் தட்டைக் குப்பைக் கூடைக்குள் போட்டாள்.

கோடையின் நடுவில் அந்த கிளப்புக்குப் புதிதாக ஒரு இளைஞன் வந்தான். இங்கிலாந்திலிருந்து மொன்றியலில் ஒரு வங்கிக்கு வேலைக்கு வந்தவன். அத்தானைக் கண்டதும் அவன் வாயைப் பிளந்தான். அத்தான் விளையாடிய ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரனாம். சின்ன வயதில் தகப்பனோடு போய் அவருடைய ஆட்டங்களைப் பார்த்திருக்கிறான். கிளப் கட்டடத்துக்குள் எல்லாருக்கும் முன்னால் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கி, எந்த கிளப்புக்கு, எத்தனை பெரிய ஆட்டங்கள் என்று சொல்லிக்கொண்டே போனான். பாவம், அவன் பெருமையாகத்தான் சொன்னான். சொல்லி முடிக்கும்போது பக்கத்தில் நின்ற இரண்டு பேர் விலகிப் போனார்கள். டொக்டர் தன் கிளாசை மேசையில் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், அக்காவுக்கு ஒரு பூங்கொத்தோடு. சோபாவின் விளிம்பில், எதிலும் முதுகு படாமல் உட்கார்ந்தார். அக்கா தேத்தண்ணீர் கொடுத்தாள். நான் குசினி வாசலில் நின்றேன்.

"இந்த விதியை நான் எழுதவில்லை" என்று தொடங்கினார் டொக்டர். "பதின்மூன்று பேர் ஆட்டத்தில் காசு வாங்கிய ஒருவர் எங்கள் ஆட்டத்தில் விளையாடக் கூடாது, பழக்கக் கூடாது, கிளப்புக்குள்ளும் வரக் கூடாது. தெரிந்துகொண்டே உங்களை வைத்திருந்தால் எங்களைப் போட்டியிலிருந்து தள்ளிவிடுவார்கள்."

"எனக்கு விதி தெரியும்" என்றார் அத்தான்.

"நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் கேட்கவில்லையே."

டொக்டர் தேத்தண்ணீரைப் பார்த்தார். அந்தக் காதையும் அந்த வடக்கத்தி ஆங்கிலத்தையும் முதல் நாளே கண்டு கேட்டவர் அவர். அந்த ஆட்டத்திலேயே வளர்ந்த மனிதர். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் இன்றுவரை நம்பவில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். கிளப் மைதானம் வேண்டாம், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒதுக்குப்புறமாக ஒரு புல்வெளி இருக்கிறது, செவ்வாய்க்கிழமைகளில் முன்வரிசை ஆட்கள் மட்டும் அங்கே வருவார்கள், வந்து பழக்கலாம் என்றார். "யாருக்கும் தெரியவேண்டிய அவசியமில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் வராமல் இருந்தால் போதும்."

அக்கா அதுவரை அவரோடு ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுக்குமேல் பேசியதில்லை. "நீங்கள் ஆட்களுக்கு வைத்தியம் பார்ப்பது சும்மாவா?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "அது என் தொழில்."

"இவருக்கும் அது தொழில்தான்" என்றாள் அக்கா.

"இஞ்சை, நீ சும்மா இரு" என்றார் அத்தான். டொக்டரின் பக்கம் திரும்பி, செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார்.

டொக்டர் எழுந்து எங்கள் எல்லாருடைய கையையும் குலுக்கினார். என்னுடையதையும்தான். அவர் போன பிறகு நான் குசினிக்குள் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினேன். அன்றைக்கு எனக்கு அந்த டொக்டரைவிட அத்தானில்தான் கூடுதலாக அருவருப்பு வந்தது. அடித்தவனுடைய காலடியிலேயே போய்ப் படுக்கிற நாயைப்போல எப்படி ஒரு மனிதரால் இருக்க முடிகிறது என்று நினைத்தேன். அக்கா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை அவருடைய பையில் சாப்பாட்டைக் கட்டி வைத்தாள்.

இலைகள் நிறம் மாறுகிற காலத்தில் இறுதி ஆட்டம் வந்தது. "ஒருக்காப் பாத்திட்டு வருவம், வா பிள்ளை" என்று அத்தான் என்னைக் கேட்டார். தனியாகப் போகக் கூச்சப்பட்டார் என்று நினைக்கிறேன். நாங்கள் கம்பி வேலிக்கு வெளியே, வீதியோரத்து மரத்துக்குக் கீழே நின்றோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் பழக்கிய ஆட்கள் அவர் சொன்னபடியே விழுந்தார்கள், எழும்பினார்கள், தள்ளினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவருடைய தோள் அசைந்தது. அவர்கள் வென்றார்கள். டொக்டர் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். படம் எடுத்தார்கள். எங்களை அவர்கள் காணவில்லை என்று சொல்ல முடியாது. மரத்தில் பாதி இலை உதிர்ந்திருந்தது, நாங்கள் நிற்பது நன்றாகத் தெரிந்தது. ஒருவர் பார்த்தார், பிறகு மற்றப் பக்கம் திரும்பினார். இன்னொருவரும் அப்படித்தான். அந்த வங்கிக்கார இளைஞன் மட்டும் ஓடிவந்து கம்பி வேலிக்குள்ளால் விரலை நீட்டினான். அத்தான் அந்த விரல்களைப் பிடித்தார். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தான்தான் அவனைத் தேற்றி அனுப்பினார்.

அடுத்த வாரம் நான் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது டொக்டர் ஈரத் தரையில் கால் வைத்து வந்தார். "கேள்விப்பட்டாயா, நாங்கள் வென்றுவிட்டோம்" என்றார், மிகவும் சந்தோஷமாக.

"கேள்விப்பட்டேன்" என்றேன். "அத்தானின் முழங்காலை உங்கள் நண்பரிடம் காட்டலாம் என்று சொன்னீர்கள்."

"ஆ, அது" என்றார். "அவரும் கிளப் குழுவில் இருக்கிறார். இப்போதைக்கு அது கொஞ்சம் சங்கடம்." என் தோளில் தட்டிவிட்டு லிப்டுக்குள் போனார். அவர் விட்டுச்சென்ற சப்பாத்து அடையாளங்களை நான் துடைத்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் அத்தானிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் முழங்கால் பனிக்கட்டிக்குள் இருந்தது. காலை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, "சரி, இனிப் போகேல்லை" என்றார். அடுத்த வருஷம் டொக்டர் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு முறையும் அக்கா எடுத்து, அவர் வேலைக்குப் போய்விட்டார் என்று சொன்னாள்.

முழங்காலுக்கு எல்லாரையும்போல வரிசையில் காத்திருந்துதான் வைத்தியம் நடந்தது. பிரெஞ்சு பேசுகிற ஒரு இளம் டொக்டர். அதற்குள் எனக்கு வகுப்பிலும் வேலையிலும் கொஞ்சம் பிரெஞ்சு வந்திருந்தது. நான்தான் மொழிபெயர்த்தேன். காலைத் திறந்து பார்த்தபோது உள்ளே எல்லாம் நனைந்த சுண்ணாம்புக் கட்டிபோல உதிர்ந்ததாகச் சொன்னார். "இதற்குள் இத்தனை ஊசி போட்டது யார்? அவரும் ஒரு டொக்டரா?" என்று கேட்டார். அவருக்குக் கோபத்தில் முகம் சிவந்திருந்தது. நான் அத்தானுக்குச் சொன்னேன்.

"நாங்கள்தான் கேட்டனாங்கள் எண்டு சொல்லு" என்றார் அத்தான்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவரால் மூட்டை தூக்க முடியவில்லை. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் ஒரு மாடிக்கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்து, அவர்கள் அங்கேயே கீழ்த்தளத்தில் குடியேறினார்கள். எனக்கும் அகதியாக ஏற்றுக்கொண்ட பதில் வந்து, தனி வீடு எடுத்தேன்.

பல வருஷங்கள் கழித்து அந்தப் பதினைந்து பேர் ஆட்டத்துக்காரர்களும் காசு வாங்கலாம் என்று விதியை மாற்றிக்கொண்டார்கள். கனவான்கள் எல்லாரும் வெளிப்படையாகவே வாங்கத் தொடங்கினார்கள். அத்தனை காலம் ஒருவனைத் தீண்டக்கூடாது என்று ஒதுக்கிவைத்தது எதற்காக என்று யாரும் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. அதற்கு அடுத்த மாரியில் கிளப்பின் ஆண்டுவிழா விருந்துக்கு வரச்சொல்லி அத்தானைக் கூப்பிட்டார்கள். அவர் போவதாகச் சொல்லிவிட்டார். அக்கா அவருடைய சேட்டுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். பனி கொட்டியதால், பொல்லு ஊன்றுகிற மனிதரை பஸ்ஸில் விட முடியாமல் நான்தான் காரில் கொண்டுபோனேன். உள்ளே போகவில்லை. டொக்டர், இப்போது நரைத்துக் கூனியவர், வெளியே வந்து கார்க் கண்ணாடியைத் தட்டி, "நீயும் வா, நீங்கள் எல்லாரும் எங்கள் குடும்பம்" என்றார். நான் தலையாட்டி மறுத்துவிட்டு ஹீட்டரைக் கூட்டினேன்.

விருந்து முடிந்து அத்தான் கழுத்தில் கிளப்பின் டை ஒன்றோடு வந்து ஏறினார். கொஞ்சத்தூரம் போனதும் கேட்டேன். "என்ன சொன்னவை?"

"நல்லாக் கவனிச்சவை. முன்னுக்கு இருத்தினவை. இறைச்சிதான் வேகேல்லை."

"மன்னிப்புக் கேட்டவையோ?"

அவர் என் பக்கம் திரும்பினார். "எதுக்கு?"

அவர் உண்மையாகத்தான் கேட்டார். சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். விளக்கு பச்சையானதை நான் கவனிக்கவில்லை. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் காரை எடுத்தேன்.